பங்காளி கொடுத்த தாள்கட்டு

அத்தியாயம் 11

மரகதம் தாள்களைக் கயிற்றுக் கட்டில் முழுக்கப் பரப்பி, ஓரத்தில் இருந்த எண்களை மறுபடியும் ஒருமுறை சரிபார்த்தாள். அப்புறம் எழுந்து சமையல்கட்டுக்கு வந்தாள்.

"அம்மா, நடுவுல தாளைக் காணோம்ங். முப்பதுக்கு அப்புறம் நேரா நாப்பத்தி நாலு வருது."

முத்தாத்தாள் கம்பஞ்சோறு கிண்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கெட்டது நடந்தாலும், நாம் முன்கூட்டியே சொல்லிவைத்த கெட்டது நடந்தால் மனுஷருக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திதான்.

"நாஞ் சொல்லல? பங்காளி ஊட்டுப் பொருளு முழுசா வந்து சேருமா?"

முத்தாத்தாளின் சந்தேகத்துக்குப் பெருமாட்டி ஊரில் தனி மரியாதை உண்டு. பால் சொசைட்டிக்காரன் அவள் தலையைக் கண்டால் அளவுப் பாத்திரத்தை இன்னொரு தடவை கழுவுவான். வளையல்காரி அவளிடம் மட்டும் முதல் விலையையே கடைசி விலையாகச் சொல்லிவிடுவாள். புருஷன் குப்பண்ணனை மட்டும் அவள் சந்தேகப்பட்டதில்லை. அவர் அதற்கு இடம் கொடுத்ததில்லை. வாய் அதிகம் திறக்காத மனுஷர், திறந்தால் சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர்.

அந்தச் சொல்லில்தான் இப்போது மரகதத்தின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே மகள். பாலக்காட்டுச் சித்தூர் காலேஜில் பி.ஏ. முடித்தவள். வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "ஒரே தடவைதான் அம்மிணி. எடம் கெடைச்சாப் படி. கெடைக்கலீன்னா தை மாசம் மாமன் மகனுக்குக் கழுத்த நீட்டிரோணும்" என்றார் குப்பண்ணன். மகளும் சரி என்று ஒப்புக்கொண்டாள். சட்டக் கல்லூரியோ இந்த வருஷம் வெறும் மார்க்கைப் பார்த்துச் சேர்க்காமல் நுழைவுப் பரீட்சை என்று ஒன்று வைத்திருக்கிறது. அதில் பாதி மார்க் தர்க்கத்துக்கு. பரீட்சை வருகிற ஞாயிற்றுக்கிழமை.

தர்க்கத்துக்கு என்னத்தைப் படிப்பது? அதுதான் அந்த வீட்டில் ஒரு வாரமாக நடக்கிற வழக்கு.

படிக்க இரண்டு இருந்தன. ஒன்று, முத்தாத்தாளின் தம்பி கருப்புசாமி, அதே மாமன்தான், வாங்கிவந்த புத்தகம். அவன் ஆனைக்கரை மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறவன். மெட்ராஸுக்குப் போன யாரிடமோ சொல்லிவிட்டு, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் தருவித்திருந்தான். முதுகில் தங்க எழுத்து. முத்தாத்தாள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி மாடத்தில் ஒரு நாள் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தாள்.

இன்னொன்று, இந்தத் தாள்கட்டு. அட்டை கிடையாது. சாணித்தாள் நிறத்தில் சைக்ளோஸ்டைல் எடுத்த தாள்கள். கொடுத்தவர் காளிச்சாமி, குப்பண்ணனின் சித்தப்பா மகன். அவர் மகன் அப்புசாமியும் இதே பரீட்சையைத்தான் எழுதுகிறான். அவன் சேர்ந்திருந்த பாலக்காட்டு டுட்டோரியலில் கொடுத்ததுபோல இன்னொரு கட்டு வாங்கி மரகதத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு தோட்டத்துக்கும் நடுவே போகிற வாய்க்கால் வரப்பு யாருடையது என்று சித்தூர்க் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. கேஸ் போட்ட நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, தண்ணீர் புழங்குவதும் இல்லை. அப்படி முறிந்துபோன பங்காளிகளுக்கு நடுவில் மாமன் மச்சான்தான் நடக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கல்யாணச் சேதியானாலும் சரி, சாவுச் சேதியானாலும் சரி. அதனால் தாள்கட்டையும் கருப்புசாமிதான் வாங்கிவந்தான். "அவங்கிட்டக் குடுத்தனுப்பச் சொல்லு, நேரா வேண்டாம்" என்று வழிசொன்னதே குப்பண்ணன்தான்.

போன வாரம் கருப்புசாமி இரண்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டு அவசரமாகப் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான். கட்டு பத்திரிகைத் தாளில் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. மரகதம் அறுப்பதற்கு அரிவாள்மணையைத் தேடினாள். முத்தாத்தாள் வாங்கி முடிச்சில் ஒரு தள்ளுத் தள்ளினாள். சணல் கழன்று விழுந்தது. நல்ல சணல் என்று சுருட்டி ஆணியில் மாட்டிவைத்தாள். தாள்களில் ஏலக்காய் வாசம் அடித்தது. அவன் கை பட்ட எதிலும் அந்த வாசம் அடிக்கும்.

"அந்தக் கெரகத்த ஒதுக்கிப் போட்டு மாமன் வாங்கியாந்ததப் படி" என்றாள் இப்போது.

"மாமன் புஸ்தகத்துல கேள்வியே இல்லீங்மா. தர்க்கம்னா என்ன, அது எத்தன வகை, அதுக்கு என்ன பேரு, இதேதான். காலேஜ்ல மாதிரிக் கேள்வின்னு கொஞ்சம் அனுப்பியிருக்கறாங்க. அது அப்படியே இந்தத் தாள்ல இருக்கற மாதிரி இருக்குது. ஆனா காணாமப் போனது எதுன்னா, வட்டமா உக்கார வெக்கறது, வரிசையா நிக்க வெக்கறது, அந்தக் கணக்கெல்லாம். அதுக்குத்தான் மார்க்கு ஜாஸ்தி. வெடையும் அதுலதான் போயிருச்சு."

"பாத்தியா. நெஞ்செலும்ப உருவீட்டுக் குடுத்திருக்கறான்."

"சித்தப்பாதான் எடுத்தாருன்னு எப்படீங்கம்மா சொல்றீங்க?"

"பங்காளிய உட்டா வேற யாரு எடுப்பா கண்ணு?"

மரகதம் சுவரில் சாய்ந்து சிரித்தாள். மூன்று நாளாகத் தூக்கம் இல்லாத சிரிப்பு.

"இங்க பாருங்கம்மா. நம்ம கட்டுத்தரையில கறக்கற மாடெல்லாம் செவலை நெறம்னு வெச்சுக்கங்க. இப்ப அங்க ஒரு செவலை நிக்குது. அது கறக்கற மாடா?"

"பின்னென்ன?"

"இல்லீங். செவலைக் காளையாக்கூட இருக்கலாம். கறக்கறதெல்லாம் செவலைன்னுதான் சொன்னேன். செவலையெல்லாம் கறக்கும்னு சொல்லலீங்களே."

முத்தாத்தாளின் கை நின்றது. "இதுக்கா மார்க்குப் போடறாங்க?"

"இதுக்குத்தான். கெடுக்கறவங்க பங்காளியா இருக்கறத நீங்க பாத்திருக்கறீங்க. அதுக்காகப் பங்காளியெல்லாம் கெடுப்பாங்கன்னு ஆகாது. ரெண்டு வாக்கியத்தப் பக்கத்துல பக்கத்துல வெச்சா மூணாவது தானாப் பொறக்கோணும். பொறக்கலீன்னா நாமளா இழுத்துப் போடக் கூடாதுங்."

"நல்லாப் பேசற. பரீட்சைல பேசு" என்று சொல்லிவிட்டு முத்தாத்தாள் மறுபடி கிண்ட ஆரம்பித்தாள்.

குப்பண்ணன் சாப்பிட வந்து உட்கார்ந்தபோது மரகதம் விஷயத்தைச் சொன்னாள். அவர் மோரை ஊற்றிப் பிசைந்தபடி, "போனாப் போகுது. மாமன் வாங்கிக் குடுத்த பெரிய புஸ்தகம் இருக்குதுல்ல?" என்றார். காளிச்சாமியை ஒரு வார்த்தை வையவில்லை. கேஸுக்கு வாய்தா போட்டாலே நாள் முழுக்க வைகிறவர். முத்தாத்தாளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. தன் சந்தேகத்துக்குத் துணை கிடைக்காத ஏமாற்றம், அவ்வளவுதான்.

அவர் சித்தூருக்குக் கிளம்பிப் போனதும் அவள் ஒரு வேலை செய்தாள். கட்டுத்தரைக்குப் போய்க் கிடாரிக் கன்றின் கயிற்றை அவிழ்த்தாள். அது திருதிருவென்று விழித்தது. முதுகில் ஒரு தட்டுத் தட்டி, வரப்பைத் தாண்டிக் காளிச்சாமி தோட்டத்துப் பக்கமாக விரட்டிவிட்டாள்.

பேசாத வீட்டுக்குள் சும்மா போக முடியாது. கன்றைத் தேடிப் போகலாம். கன்றுக்குக் கேஸ் கிடையாது.

கன்று சமர்த்து. நேராகக் காளிச்சாமியின் மோட்டார் ரூமுக்குப் பக்கத்துப் புல்லில் போய் வாய் வைத்தது. முத்தாத்தாள் தென்னைகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நடந்தாள். மோட்டார் ரூமுக்குள் அப்புசாமி பாய் போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். இங்கிலீஷ் அவளுக்குப் புரியாது. ஆனால் அவன் படித்துவிட்டு, புளியங்கொட்டைகளை எடுத்துத் தரையில் வட்டமாக வைத்தான். ஒன்றை எடுத்து இன்னொன்றுக்கு வலப்பக்கம் வைத்தான். தலையைச் சொறிந்தான். மறுபடி மாற்றி வைத்தான்.

வட்டமாக உட்கார வைக்கிற கணக்கு. மகள் சொன்ன அதே கணக்கு.

முத்தாத்தாள் வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள். "உனக்கு மட்டும் முழுசா இருக்குதாடா அப்பு?"

அப்புசாமி எழுந்த வேகத்தில் புளியங்கொட்டை எல்லாம் சிதறியது. "பெரியம்மாங்களா? வாங்க, வாங்க பெரியம்மா" என்றான். பயத்தில் வந்த மரியாதை என்றே அவள் நினைத்தாள்.

"உன்ற கட்டுல நடுத்தாளு இருக்குது. என்ற புள்ளைக்கு வந்த கட்டுல இல்ல. இதுக்கு என்னடா அர்த்தம்?"

அப்புசாமி வீட்டைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டான். காளிச்சாமியின் மனைவி கமலாத்தாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். முத்தாத்தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல, "வாங்கக்கா. வெய்யில்ல நிக்கறீங்க. ஒரு சொம்பு மோரு குடிங்க" என்றாள்.

"மோரெல்லாம் வேண்டாம். கன்னுக்குட்டியத் தேடி வந்தேன். வந்த எடத்துல திருட்டுத்தனமே கெடைச்சுது."

"என்னங்கக்கா சொல்றீங்க?"

அப்புசாமி சொன்னான். கமலாத்தாள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "அதெப்படி? அப்பு அடுக்கி வெச்சத நாந்தான எண்ணிப் பாத்து வாங்குனேன். ஒரு தாளு நழுவப் படாதுன்னு மஞ்சப் பையில போட்டு, வாயக் கோணி ஊசியில தெச்சு, உங்க தம்பி கைல குடுத்தேன். ஏனுங்க, கேட்டீங்களா இத?"

கடைசி வார்த்தை காளிச்சாமிக்கு. அவர் தோளில் மண்வெட்டியோடு வாய்க்கால் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் மண்வெட்டியை இறக்கி வைத்துத் தலைத்துண்டை எடுத்தார்.

"மஞ்சப் பையா?" என்றாள் முத்தாத்தாள். "எங்க ஊட்டுக்கு வந்தது பேப்பர்ல சுத்துன கட்டு. இப்ப மாத்திச் சொல்றீங்களா?"

"மாத்திச் சொல்லி எங்களுக்கு என்னுங்க ஆகப்போகுது?" என்றார் காளிச்சாமி.

"உங்களுக்கா கொழுந்தனாரே? கேஸ்ல நிக்கற பங்காளி மகளுக்குப் படிப்புக் குடுக்கறீங்க. அதுவும் உங்க மகன் எழுதற பரீட்சைக்கே. எதுக்குன்னு நான் ஒரு வாரமாக் கேட்டுட்டு இருக்கறேன். எனக்கு வெடை கெடைக்கல."

காளிச்சாமி சிரிக்கவில்லை. விரலை மடக்கிக்கொண்டே சொன்னார்.

"கேசு எனக்கும் அண்ணனுக்கும்ங். அம்மிணிக்கும் எனக்கும் என்ன கேசு? அது ஒண்ணு. ரெண்டாவது, எங்க சுயநலந்தானுங்க, இல்லைன்னு சொல்லல. மரகதம் சட்டம் படிச்சுட்டு வந்து எங்க கேசுக் காயிதத்த ஒரு நாளு ஒக்காந்து படிச்சாப் போதும். வரப்பு யாருதுன்னு அவ வாயாலயே சொல்லீருவா. அவ பொய் சொல்ற புள்ளை இல்ல. அண்ணன் பேச்ச விட, வக்கீலு பேச்ச விட, நான் அவ பேச்ச நம்பறேன். ஊருல வேற யாரு சொன்னாலும் அண்ணன் கேக்க மாட்டாரு. மக சொன்னாக் கேட்டுத்தான் ஆகோணும்."

முத்தாத்தாள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறவர்கள் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்வார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. காளிச்சாமி அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கன்றைப் பிடித்துக் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

கமலாத்தாள் அப்புசாமியின் கட்டிலிருந்து நடுத்தாள்களை எடுத்து நீட்டினாள். "கொண்டு போய் எழுதிக்கச் சொல்லுங்கக்கா. நாளைக்குப் பொழுதோட குடுத்தாப் போதும். இவன் வேற படிப்பான்."

அப்புசாமி சிதறிய புளியங்கொட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தான். தன் பரீட்சையும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் என்பதை அவன் மறந்தவனும் இல்லை.

முத்தாத்தாள் தாள்களை வாங்கி முந்தானைக்குள் வைத்தாள். வரப்பு வரைக்கும் நடந்தாள். நின்றாள். திரும்பி வந்து, "அந்த மோர இங்க குடு கமலா" என்று வாங்கி, நின்றவாக்கில் குடித்துவிட்டுப் போனாள். கேஸ் போட்ட பிறகு அந்த வீட்டில் அவள் வாய் நனைத்தது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. மஞ்சப் பை என்கிறாள் கமலா. வந்ததோ பேப்பர். இரண்டில் ஒன்று பொய். வீட்டுக்கு வந்து மரகதத்திடம் தாள்களைக் கொடுத்து, "பேசாம எழுது. எப்படி வந்துச்சு, எதுக்கு வந்துச்சுன்னு கேக்காத" என்று உள்ளறையில் உட்கார வைத்தாள். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சணலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கட்டு எப்படிக் கட்டியிருந்தது? ஞாபகப்படுத்திப் பார்த்தாள். மரகதம் அவிழ்க்க முடியாமல் அரிவாள்மணை தேடினாள். நான் வாங்கி ஒரு தள்ளுத் தள்ளினேன். கழன்றது.

ஏன் தள்ளினேன்? முடிச்சு என்றால் யாரும் இழுத்துத்தானே பார்ப்பார்கள்?

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. இழுத்தால் இறுகும், நுனியை உள்ளே தள்ளினால் கழன்றுவிடும் முடிச்சை அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் பார்த்திருக்கிறாள். கருப்புசாமி இடதுகைக்காரன். சின்னப் பையனாக இருந்தபோது கோவணக் கயிற்றை எல்லாரும் சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி முடிபோட்டுக்கொள்வான். அவசரத்துக்கு அவிழ்க்க வராமல் அக்கா, அக்கா என்று ஓடிவருவான். அவள் எத்தனை தடவை நுனியைத் தள்ளி அவிழ்த்துவிட்டிருக்கிறாள். இப்போது ஆனைக்கரையில் ஏல மூட்டைகளுக்கும் அவன் அந்த முடிச்சைத்தான் போடுகிறான். வேறு யாரும் அவிழ்த்துத் திருட முடியாது என்று பெருமையும் பேசுவான்.

மஞ்சப் பையைப் பிரித்தவன் அவன். பேப்பரில் சுற்றிக் கட்டியவனும் அவன்.

பை நனைந்திருக்கலாம். பஸ்ஸில் கிழிந்திருக்கலாம். பங்காளிக்குக் கொடுக்காத சலுகையை எல்லாம் அவள் தம்பிக்குக் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. பையைக் கிழித்த பஸ், தாளை நடுவிலிருந்து எண்ணி எடுக்காது. அவளுக்கு அழுகை வந்தது. காளிச்சாமி செய்திருந்தால் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். தம்பி செய்ததற்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை.

கருப்புசாமி அன்று பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தான். பொள்ளாச்சியில் சரக்குப் போட்டுவிட்டு வருகிற வழி. "ஏனக்கா, அம்மிணி படிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து ஏலக்காய்ப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான்.

"படிக்கறா" என்றாள். காப்பி கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கிற வரை காத்திருந்தாள். பிறகு முறுக்கு அடுக்கிய தகர டப்பாவையும் அந்தச் சணலையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"உன்ற பொஞ்சாதிக்குக் கொண்டுபோ. மலையேறிப் போற பஸ்ஸு. நீயே நல்லாக் கட்டிக்க."

அவன் கட்டினான். இடது கை சுற்றியது, வலது கை பிடித்துக்கொண்டது. நுனியை உள்ளே செருகித் தட்டிவிட்டு, "போடிமெட்டு மலை மேல இருந்து உருட்டி உட்டாலும் அவுறாது" என்றான்.

முத்தாத்தாள் தகரத்தைத் தன் பக்கம் இழுத்து நுனியைத் தள்ளினாள். சணல் கழன்று அவன் மடியில் விழுந்தது.

"தாளுக்கட்டுலயும் இதே முடிச்சுத்தான் கருப்பு. கமலா மஞ்சப் பையில தெச்சுக் குடுத்தாளாமே."

அவன் சணலைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"உனக்கு என்ற புள்ள மருமகளா வேணுமுன்னாக் கேட்டிருக்கலாம்" என்றாள் அவள். "ஆனைக்கரை வரைக்கும் கொண்டுபோய், ஒக்காந்து எண்ணி எடுத்திருக்கற. மாமன் வாங்கியாந்த புஸ்தகம்னு நான் அதுக்கு மஞ்சக் குங்குமம் வெச்சனே. அது ஒண்ணுக்கும் ஒதவாதுன்னு தெரிஞ்சுதான வாங்குன?"

"அது தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. மெட்ராஸ் போனவங்ககிட்டப் பெருசா இருக்கறத வாங்கியாரச் சொன்னேன், வாங்கியாந்தாங்க." நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "தாளு எடுத்தது நாந்தான். கிழிக்க மனசு வரல. கீழ குமுளில என்ற ஏலக்காக் கடைப் பொட்டியில வெச்சிருக்கறேன். ஆனா நானா எடுக்கலக்கா."

"பின்ன யாரு சொல்லி எடுத்த?"

அவன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "மச்சான்தான். காளிச்சாமி குடுத்துடுவாப்ல, ஆனா நடுத்தாளு ஊட்டுக்கு வரப்படாதுன்னாரு. எதுக்குங்கன்னு கேட்டேன். அவ வக்கீலாயிட்டா மொத வேலையா என்ற கேசத்தான் எடுத்துப் படிப்பா மாப்ளேன்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல."

முத்தாத்தாள் முறுக்குத் தகரத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

மத்தியானம் காளிச்சாமி சொன்னது ஒரு வாக்கியம். கேஸ் காயிதத்தைப் படித்தால் வரப்பு யாருடையது என்று மரகதமே சொல்லிவிடுவாள். இப்போது தம்பி சொன்னது இன்னொன்று. அவள் அதைப் படித்துவிடுவாளோ என்று அவள் அப்பனே பயப்படுகிறார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. மூன்றாவதை அவள் இழுத்துப் போடவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றாலும் தானாகவே வந்தது. வரப்பு நம்முடையது இல்லை.

இத்தனை வருஷமாக அளவுப் பாத்திரத்தையும் வளையல்காரியையும் சந்தேகப்பட்டுக்கொண்டு, தன் கையால் தினமும் சோறு போட்டு வந்த புருஷனைப் பார்க்காமல் விட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். குப்பண்ணன் கால் கழுவினார். துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"எப்ப வந்தே மாப்ளே? அம்மிணி எங்க?"

குரல் கேட்டு மரகதம் உள்ளறை வாசலுக்கு வந்து நின்றாள். "வாங்கப்பா" என்றாள். முகம் பகலில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. வட்டமாக உட்கார்ந்தவர்களை எல்லாம் சரியான இடத்தில் உட்கார வைத்துவிட்ட தெளிவு.

"எதப் படிக்கறதுன்னு முடிவு பண்ணீட்டயா கண்ணு?" குப்பண்ணன் அன்பாகத்தான் கேட்டார். எப்போதும் போல.

மரகதம் வாயைத் திறப்பதற்குள் முத்தாத்தாள் சொன்னாள். "மாமன் வாங்கியாந்த பெரிய புஸ்தகந்தானுங்க. அந்தக் கிழிஞ்ச தாளத் தூக்கி அடுப்புல போட்டுட்டேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. அத்தனை சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மரகதம் அம்மாவைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆமாங்ப்பா" என்றாள்.

குப்பண்ணன் தலையை ஆட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் மகளின் கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீல மை ஊறிக் கிடந்தது.

"அச்சடிச்ச புஸ்தகத்தப் படிக்கறதுக்குக் கையெல்லாம் எதுக்கு மை?"

மரகதம் விரல்களை மடக்கிக்கொண்டாள். அவர் மெதுவாக மச்சினன் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, நீ வந்து நேரமாச்சு போல. ஊட்டுல என்ன நடக்குது?"

கருப்புசாமி சணலை இடது கையில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுவது நின்றது. அவன் அக்காவைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், அறை வாசலில் மைக்கையோடு நிற்கிற மரகதத்தைப் பார்த்தான். தை மாசத்தில் அவன் வீட்டுக்கு வரவேண்டிய பெண்.

தம்பி எந்தப் பக்கம் பேசுவான்? மூன்றாவது வாக்கியம் பிறக்க இரண்டு வேண்டும் என்று காலையில் மகள் சொல்லியிருந்தாள். முத்தாத்தாளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இவன் என் தம்பி. இன்று மத்தியானம் வரைக்கும் அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

கருப்புசாமி தொண்டையைச் செருமினான்.